அம்பாசடரும் அரியலூர்த் தண்ணீரும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் ஒரு கேள்வி கேட்டார். அப்பா காலத்து அம்பாசடரைச் செலவு செய்து புதுப்பித்து, கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். இப்போது பழைய வண்டிக்குத்தான் மவுசு. மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளை அம்பாசடர் வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டு வாங்குகிறார்களாம். அவருடைய சிக்கல் இதுதான்: "சார், பெரம்பலூர் போயிட்டு வந்தா ஊசி அசையாது. ஊர்வலத்துல நாதஸ்வரத்துக்குப் பின்னாடி அரை மணி நேரம் ஊர்ந்தா புகையுது. மெக்கானிக்கு தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுங்கறாரு. கழட்டிடலாமா?"

போனில் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூற்று முப்பது வருட வரலாறு இருக்கிறது. அதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. அதனால் விரிவாக எழுதுகிறேன். நீளமான பதிவுதான். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

முதலில் கணக்கு. பெட்ரோல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முழுக்கச் சூடு. அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாக வெளியே போகும். இன்னொரு பெரும் பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சுமந்துகொண்டு போய் முன்னால் இருக்கும் ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கும். தண்ணீர் வெறும் சுமைகூலி. சூட்டைக் கடைசியில் வாங்கிக்கொள்வது காற்று. காற்று வரவில்லை என்றால் தண்ணீர் தன் சுமையை இறக்க இடமில்லாமல் திரும்பத் திரும்ப அதையே தூக்கிக்கொண்டு சுற்றும், கடைசியில் கொதிக்கும்.

இது மோட்டார் வண்டியோடு பிறந்த சிக்கல். கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில் இன்று நாம் சொல்லும் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிர்விக்கும் ஏற்பாடு. வெந்நீர் அண்டா மாதிரி. குறையக் குறைய ஊற்ற வேண்டியதுதான். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் அந்த வண்டியிலேயே போனார். வழியில் எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார் என்பதை எல்லாரும் சொல்வார்கள். கிணறு கண்ட இடமெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணமே தண்ணீர் ஊற்றி ஊற்றிப் போன பயணம்.

இதற்கு ஒரு முடிவு கட்டியவர் வில்ஹெல்ம் மேபாக். டைம்லர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். எமில் யெலினெக் என்ற வியாபாரி, பந்தயத்துக்கு வேகமான வண்டி வேண்டும், அதற்குத் தன் மகள் மெர்சிடிஸின் பெயரை வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்த 35 குதிரைத்திறன் வண்டி 1900 கடைசியில் தயாரானது. அதன் முகப்பில் மேபாக் வைத்தது தேன்கூடு ரேடியேட்டர். 8,070 சிறு குழாய்கள், ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர் சதுரம். காற்று படும் பரப்பு பல மடங்கு கூடியதால் ஒன்பது லிட்டர் தண்ணீரே போதுமானதாக இருந்தது.

மேபாக் அதோடு நிறுத்தவில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சிறு விசிறியையும் வைத்தார். வண்டி வேகமாக ஓடும்போது விசிறிக்கு வேலையே இல்லை, காற்று தானாக வந்து மோதும். மெதுவாகப் போகும்போதுதான் அது தேவை. ஆக, பந்தய வண்டி செய்தவருக்கே 'ஊர்ந்து போனால் என்ன ஆகும்' என்ற கவலை இருந்திருக்கிறது. நம் மாணவரின் ஊர்வலக் கவலையும் அதேதான்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு முரண் இருந்தது. அது அடுத்த எழுபது எண்பது வருடம் அப்படியே தொடர்ந்தது. விசிறியைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகம், மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவு. அதாவது எப்போது விசிறி அதிகம் தேவையோ, அப்போதுதான் அது சோம்பலாகச் சுற்றும். பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கேட்பார்கள், "இது என்ன சார் ஏற்பாடு?" என்று. நல்ல கேள்விதான். மின்விசிறியைத் தனியாக ஓட்டும் அளவுக்கு வண்டிகளில் மின்சாரம் இல்லை என்பதுதான் பதில். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நம் அம்பாசடருக்கு வருவோம்.

பிர்லாக்கள் இந்துஸ்தான் மோட்டார்ஸை ஆரம்பித்தது 1942-ல், குஜராத்தின் ஓகா துறைமுகத்தில். 1948-ல் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவுக்கு மாறினார்கள். இங்கிலாந்தின் மாரிஸ் கம்பெனி வண்டிகளை வரிசையாக இங்கே செய்தார்கள். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் 1957 வாக்கில் அம்பாசடர் ஆனது. 1959-ல் அதற்கு 1,489 சி.சி. இன்ஜின் வந்தது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வாட்டர் பம்பும் விசிறியும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டில். 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை நின்றது வரை அந்த உருவம் பெரிதாக மாறவில்லை.

பெயரிலேயே ஊர் இருக்கிறது பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் கௌலி என்ற இடத்தில் இருந்த தொழிற்சாலையின் வண்டி அது. ஆக்ஸ்ஃபோர்டில் நடுக்கோடையிலேயே சராசரி பகல் வெயில் 22, 23 டிகிரிதான். அரியலூர்ச் சித்திரை உங்களுக்கே தெரியும், 40. ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும் என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி என்று வையுங்கள். அங்கே வித்தியாசம் 68. இங்கே 50. அதே ரேடியேட்டர், அதே காற்று, ஆனால் வேலைத் திறனில் நாலில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. வண்டி பழுதாக வேண்டியதே இல்லை. கப்பலில் வந்து இறங்கியதே போதும்.

அப்படியானால் அறுபதுகளில், எழுபதுகளில் ஏன் இவ்வளவு கொதிக்கவில்லை? கொதித்தது. ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வண்டி நின்றதும், ஓடையில் மொண்டு வந்து ஊற்றியதும் நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஆனால் சமவெளியில் சாலை காலியாக இருந்தது. ஊர் தாண்டினால் எதிரே மாட்டு வண்டி ஒன்றிரண்டு. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது, காற்று வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசை. ரயில்வே கேட் மூடினால் இரண்டு பக்கமும் அரை பர்லாங் நிற்கிறது. ராமநவமிக்குக் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயில் திருவிழா சமயத்தில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடந்து போகிறவர் முன்னால் போய்விடுவார்.

கல்லங்குறிச்சி என்றதும் நான் எழுத வந்த விஷயத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டேன்.

இந்த மண் ஒரு காலத்தில் கடலடி. கிரிட்டேசியஸ் காலத்தில், சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரைகூட, இங்கே கடல் இருந்தது. 1862-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்காகப் பிரித்து எழுதினார். உலகப் புவியியல் நூல்களில் நம் ஊர்ப் பெயர் ஏறியது அப்படித்தான். கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் கிரைஃபியா என்ற சிப்பி வகை படுகை படுகையாகக் கிடக்கிறது. அந்தச் சிப்பிகளின் ஓடும் மற்ற கடல் உயிர்களின் ஓடும் சேர்ந்ததுதான் சுண்ணாம்புக்கல். அதைத்தான் சிமெண்ட் ஆலைகள் வெட்டுகின்றன.

ஆலை மட்டுமா வெட்டுகிறது? மழைத்தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றில், போரில் சேர்கிறது. அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிப் படியும். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாக, தேய்த்தாலும் போகாமல் இருக்கிறதே, அதுதான்.

இனி அம்பாசடரின் ரேடியேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு வெந்நீர்ப் பாத்திரம்தானே. வழியில் கொதிக்கிறது. டீக்கடையில் ஒரு குடம் போர்த் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம். தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சுண்ணாம்பு உள்ளேயே தங்குகிறது. அடுத்த வாரம் இன்னொரு குடம். படிவு இன்னொரு அடுக்கு. இரும்போடு ஒப்பிட்டால் இந்தப் படிவு சூட்டைக் கடத்துவது பல மடங்கு மந்தம். இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் சந்துகளில் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடும். கொதிக்கிறது என்று தண்ணீர் ஊற்றுகிறோம். ஊற்றிய தண்ணீரே அடுத்த கொதிப்புக்கு வழி செய்கிறது. பெர்த்தா பென்ஸுக்கு அந்த ஒரு பயணத்தில் இது பிரச்சினை இல்லை. நாற்பது வருடம் ஓடிய அம்பாசடருக்குப் பிரச்சினை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்டி பழசு, இன்ஜின் போச்சு, வேறு இன்ஜின் மாற்றுங்கள் என்று நம் பக்கத்தில் ஒதுக்கப்பட்ட பல அம்பாசடர்களுக்கு நோய் இன்ஜினில் இல்லை. தண்ணீரில்தான் இருந்தது. எடைக்குப் போட்டதுதான் மிச்சம்.

சரி, என்ன செய்வது?

முதலில் எப்போது கொதிக்கிறது என்று கவனியுங்கள். ஊர்ந்து போனால் மட்டும் சூடேறி, சாலையில் ஓடினால் இறங்கிவிடுகிறது என்றால் காற்றுப் பக்கம் கோளாறு. வேகமாக ஓடும்போதும் ஏறுகிறது என்றால் தண்ணீர்ப் பக்கம், அதாவது அடைப்பு. ஸ்டார்ட் செய்து சில நிமிடத்திலேயே குமிழி விட்டுப் பொங்கினால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். இந்த மூன்றையும் பிரிக்காமல் ஸ்பேனரை எடுக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

காற்றுப் பக்கம் பெரும்பாலும் சில்லறை வேலைதான். விசிறி பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா? ரேடியேட்டரின் இதழ்களில் சிமெண்ட் தூசியும் பூச்சியும் அடைந்திருக்கிறதா? நம் சாலைத் தூசி மழை ஈரம் பட்டால் பூச்சு மாதிரி இறுகிவிடும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் இதழ் மடங்கும். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இடைவெளி அதிகமாக இருந்தால் விசிறி அங்கிருக்கும் சூடான காற்றையே கடைந்துகொண்டிருக்கும். சுற்றி ஒரு தகரக் கூடு செய்து மாட்டினால் வெளிக்காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்கும். நல்ல தகர வேலைக்காரர் ஒரு நாளில் செய்துவிடுவார். ஊர்வல வண்டிக்கு இதைவிட லாபமான செலவு இல்லை.

பலர் பார்க்காத இன்னொன்று, இக்னிஷன் டைமிங். பாயிண்டின் அடிக்கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து, பொறி தாமதமாக விழும். தாமதமாக எரிந்தால் சூடு சக்தியாக மாறாமல் இன்ஜின் சுவருக்கே போகும். இப்போது நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய கார்புரேட்டர் பழைய கணக்கிலேயே பெட்ரோல் விட்டால் கலவை மெலிந்து இன்ஜின் இன்னும் சூடாக ஓடும். அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் அரிக்கும். தீ விபத்து வரை போகும் விஷயம் அது, மாற்றிவிடுங்கள்.

மின்விசிறி வைக்கலாமா என்று கேட்பீர்கள். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் இன்ஜின் குறுக்காகக் கிடந்தது, விசிறியை மின்மோட்டார் ஓட்டியது. இன்ஜின் வேகத்தோடு சம்பந்தமே இல்லாமல், சூடானால் சுற்றும், ஆறினால் நிற்கும். மேபாக் விட்டுப்போன முரண் நம் ஊர்ச் சாலையில் தீர்ந்தது அந்தச் சின்ன வண்டியோடுதான். பழைய அம்பாசடரிலும் வைக்கலாம், ஆனால் டைனமோ இருக்கும் வண்டியில் வேண்டாம். ஊர்ந்து போகும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்காது. மின்விசிறியும் அலங்கார விளக்கும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிட்டு, பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றுவிடும். முதலில் ஆல்டர்னேட்டர், பிறகு மின்விசிறி.

தெர்மோஸ்டாட் கேள்விக்கு வருகிறேன். கழற்ற வேண்டாம். 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்கத் தொடங்கி, சூடு ஏறியதும் அது முழுதாகத் திறந்துவிடும். திறந்த கதவைக் கழற்றி என்ன பயன்? திறக்காமல் மாட்டிக்கொண்டிருந்தால் புதிது போடுங்கள். சந்தேகமாக இருந்தால் அடுப்பில் வெந்நீரில் போட்டுப் பாருங்கள், கண்ணெதிரே திறக்கும். கழற்றிவிட்டு ஓட்டினால் காலையில் இன்ஜின் சூடாகவே நேரம் பிடிக்கும், பெட்ரோலும் செலவு, ஆயிலும் கெடும்.

தண்ணீர்ப் பக்கம்தான் நம் ஊர் நோய். ரேடியேட்டரைக் கழற்றி, பட்டறையில் மேல் தொட்டியைப் பிரித்து ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். ஹோஸ் பைப்பை மேலே வைத்துக் கழுவுவது போதாது. கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டால்தான் அடைப்பு புறப்படும். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகுழாய் உண்டு. அதைத் திறந்தால் பல வண்டிகளில் தண்ணீரே வராது, துருவும் சுண்ணாம்பும் அடைத்திருக்கும். குத்தி எடுக்க வேண்டும். உள்ளே மீதி இருக்கும் படிவைக் கரைக்க மளிகைக் கடை எலுமிச்சை உப்பு போதும். வெந்நீரில் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வடித்து, நாலைந்து முறை அலசுங்கள். கழிவறை ஆசிட் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சுண்ணாம்போடு ரேடியேட்டர் பற்றையும் தின்றுவிடும்.

அதன் பிறகு போர்த் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், இல்லையென்றால் மொட்டை மாடியில் பிடித்த சுத்தமான மழைத் தண்ணீர். அதோடு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், துருப் பிடிக்காமல் இருக்க. டிக்கியில் ஐந்து லிட்டர் கேன் எப்போதும் இருக்கட்டும்.

கேட்டில் நிற்கும்போது ஊசி நடுவில் இருந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஊசி ஏறிவிட்டிருந்தால் சட்டென்று அணைக்காதீர்கள், தண்ணீர் ஓட்டம் நின்று சூடு இன்னும் ஏறும். நியூட்ரலில் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஒரு நிமிடம் விசிறியைச் சுற்றவிட்டு அணையுங்கள். தண்ணீர் பொங்கவே ஆரம்பித்துவிட்டால் மட்டும் யோசிக்காமல் உடனே அணைத்துவிட வேண்டும். சூடு சரியாக இருந்தும் வண்டி இருமி நின்றுவிட்டால் அது வேறு சங்கதி. பெட்ரோலே குழாயில் ஆவியாகிவிட்டது. அதற்குத்தான் பழைய டிரைவர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினார்கள். இன்றும் அதுவே மருந்து.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு பவுண்டு அழுத்தத்துக்குக் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும். ஏழு பவுண்டு மூடி என்றால் தண்ணீர் 110 டிகிரியிலும் தண்ணீராகவே இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். ஊர்வலத்தில் சுற்றிலும் குழந்தைகள் நிற்பார்கள். கையால் தொட்டுப் பார்க்க முடிகிற வரை, அரை மணி ஆனாலும் பொறுங்கள். பிறகு மூடியில் கனமான துணி போட்டு, முதல் தடை வரை திருகி, சீறல் அடங்கியபின் எடுங்கள். தண்ணீரை இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். காய்ந்த வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும், அதைச் சரிசெய்வது லேசில்லை.

பட்டறையில் ரேடியேட்டரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வெள்ளையாக, பழுப்பாகக் கட்டி கட்டியாக விழும். ஒரு துண்டை எடுத்து எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். வாரணவாசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் சிப்பிகளும் அதே சுண்ணாம்புதான். படம் எடுத்தால் கமெண்டில் போடுங்கள், எந்த ஊர்த் தண்ணீர் என்றும் எழுதுங்கள்.